கெட்டிக்காரப் பிள்ளை இரக்கமுள்ள பிள்ளையா?

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் பிள்ளைகள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகிற நாளில் எங்கள் சுங்கை சிப்புட்டில் வாட்ஸ்ஆப் குழுக்கள் எல்லாம் படங்களால் நிரம்பிவிடும். கையில் முடிவுத்தாளோடு பிள்ளை, இரண்டு பக்கமும் அப்பா அம்மா, கீழே வரிசையாக வாழ்த்துகள். அதில் பாதி வாழ்த்து “நல்ல பிள்ளை” என்றே இருக்கும். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து அதைச் சொல்ல வழியில்லை.

அதே ஊரில் சாப்பாட்டுக் கடை மேசையில் நேர் எதிரான பேச்சும் ஓடும். “படிச்சவன்தான்ணே பெரிய திருடன். அந்தக் காலத்து எஸ்டேட் சனத்துக்கு இருந்த மனசு இப்ப எவனுக்கு இருக்கு?” என்று ஒருவர் ஆரம்பித்தால் நாலு பேர் தலையாட்டுவார்கள்.

இரண்டு பேச்சும் கண்ட அனுபவத்திலிருந்துதான் வருகின்றன. ஆனால் இரண்டிலும் ஒரே குழப்பம் இருக்கிறது: புத்தியையும் இரக்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்கிறார் ஒருவர்; இறங்கும் என்கிறார் இன்னொருவர். நான் டியூசன் வகுப்பு நடத்துகிறவன். தங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்புகிற பெற்றோரிடம் இந்தக் குழப்பத்தின் விளைவைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

## புத்தி என்று எதைச் சொல்கிறோம்?

பிரான்ஸில் ஆல்ஃபிரட் பினே என்ற உளவியலாளர், தியோடோர் சீமோனோடு சேர்ந்து 1905-இல் ஒரு சோதனையை உருவாக்கினார். பள்ளியில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதற்காகச் செய்தது அது. இன்றைய ஐ.கியூ. (நுண்ணறிவு எண்) சோதனைகளுக்கு அதுதான் மூதாதை.

இந்தச் சோதனைகள் அளப்பதை நுண்ணறிவு என்கிறோம். புதிதாக ஒரு சிக்கல் முன்னால் வந்தால் அதைப் புரிந்துகொண்டு, அதற்குள் இருக்கும் தொடர்புகளைப் பிடித்து, வழி கண்டுபிடிக்கும் திறன். சராசரி 100 என்று வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள்.

எஸ்.பி.எம். மதிப்பெண்ணும் நுண்ணறிவும்கூட ஒன்றல்ல. வீட்டில் படிக்க ஒரு மேசை உண்டா, இரவில் தூக்கம் உண்டா, டியூசனுக்குப் பணம் உண்டா என்பதெல்லாம் மதிப்பெண்ணுக்குள் கலந்திருக்கிறது. அது தனிக்கதை. இங்கே முக்கியம் இதுதான்: நுண்ணறிவு என்பது ஒன்றைத் தீர்க்கும் திறன். எதைத் தீர்க்க வேண்டும், யாருக்காகத் தீர்க்க வேண்டும் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

## இரக்கம் மூன்று வேலைகள்

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஓர் அம்மா இருக்கிறார். வாழ்நாள் எல்லாம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் அவருக்குத் தொலைபேசி வந்தது. “உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது” என்றான் ஒருவன். மலேசியாவில் மக்காவ் ஸ்கேம் என்று பெயர் பெற்ற அதே மோசடிதான்.

அந்த அம்மா பிறகு சொன்னதில் எனக்கு மறக்காமல் இருப்பது அவன் பேசிய விதம். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்று பேச்சுவாக்கில் அவர் சொன்னதை உடனே பிடித்துக்கொண்டான். “மகன் வேலைக்குப் பிரச்சினை வரக் கூடாது இல்லையா, அம்மா?” என்றான். அவர் அழுதபோது அதட்டவில்லை. “முதலில் தண்ணீர் குடிங்க, நான் லைனில் இருக்கேன்” என்று காத்திருந்தான். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் குரலை இன்னும் மென்மையாக்கினான். மாலைக்குள் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. (இப்படி ஓர் அழைப்பில் பணம் போனால் உடனே 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் அது, 2022 முதல் இயங்குகிறது. முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.)

அந்த ஆளுக்கு அவருடைய மனம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். எப்போது பயப்படுகிறார், எதற்குப் பயப்படுகிறார், எந்தச் சொல் அவரைத் தேற்றும், எல்லாம் தெரிந்திருக்கிறது. இரக்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் இது முதல் பகுதி. இதைப் ‘பிறர்மனம் அறிதல்’ என்று வைத்துக்கொள்வோம்: இன்னொருவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று கணிக்கும் திறன்.

இது பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. 1985-இல் பிரிட்டனில் வெளிவந்த ஒரு சோதனை புகழ்பெற்றது. சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைத் தன் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்து ஒரு பெட்டிக்குள் மறைக்கிறது. சாலி திரும்பி வந்து எங்கே தேடும்? மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் பெட்டியைக் காட்டுவார்கள். குண்டு அங்கேதானே இருக்கிறது! நாலு வயதையொட்டித்தான், ‘எனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது’ என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. நுண்ணறிவு கைகொடுக்கிற இடம் இது. கூர்மையான மூளை, பொதுவாக, அடுத்தவர் மனத்தையும் நன்றாகவே கணிக்கும்.

இரண்டாவது பகுதி ஒத்துணர்வு: அடுத்தவர் வலி நம் உடம்பிலும் கொஞ்சம் வலிப்பது. 2004-இல் டானியா சிங்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் லண்டனில் காதல் இணைகளை அழைத்து, பெண்ணை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்தார்கள். அவர் கைக்கு ஒரு சுருக்கென்ற மின்வலி. வேறொரு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையின் கைக்கு. வலி துணைக்குத்தான் என்று தெரிந்தபோதும், அந்தப் பெண்ணின் மூளையில் வலியின் வேதனையோடு தொடர்புடைய சில பகுதிகள் வேலை செய்தன. கையில் எந்த இடத்தில் வலி என்று காட்டும் பகுதிகள் மட்டும் அமைதியாக இருந்தன.

மூன்றாவது அக்கறை. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற விருப்பம். இதை ஒத்துணர்வோடு சேர்த்துவிடுகிறோம், ஆனால் வேறு. ஆஸ்பத்திரி வார்டில் அண்ணன் வலியில் துடிப்பதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நிற்கிற தம்பியிடம் ஒத்துணர்வு நிறைய இருக்கிறது. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்கிற நர்ஸிடம் அந்தத் துடிப்பு குறைவாக இருக்கலாம், அக்கறை இருக்கிறது. டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த வேறுபாட்டைத்தான். தன் வேதனையைத் தணித்துக்கொள்ள விரும்புகிறவர், தப்பிக்க வழி இருந்தால் தப்பித்துவிடுகிறார். அடுத்தவர் மீது அக்கறை கொண்டவர் நிற்கிறார்.

இந்த மூன்றும் தனித்தனியே இயங்கும் என்பதற்கு வில்லியம்ஸ் கூட்டறிகுறி என்ற பிறவி நிலை ஒரு சாட்சி. ஏழாவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கிற பிள்ளைகள் இவர்கள். ஐ.கியூ. பெரும்பாலும் சராசரிக்குக் கீழே இருக்கும். ஆனால் மனிதர்கள் மீது அவர்களுக்கு இருக்கும் ஈர்ப்பும், யாராவது வருந்தினால் உடனே அருகில் போகிற சுபாவமும் பார்த்தவர்களை வியக்கவைக்கும்.

இதுவரை பார்த்தது: அறிவது, உணர்வது, அக்கறைப்படுவது என்று இரக்கத்தில் மூன்று வேலைகள். முதலாவதுக்கு நுண்ணறிவு நேரடியாக உதவுகிறது. மற்ற இரண்டுக்கும் அது தேவையுமில்லை, உத்தரவாதமும் இல்லை.

## நெற்றி விளக்கு

விடிவதற்கு முன் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு நெற்றியில் கட்டும் விளக்கு தெரியும். பேட்டரி எவ்வளவு நல்லதோ அவ்வளவு வெளிச்சம். ஆனால் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த மரம் மட்டும்தான் தெரியும். அடுத்த நிரையில் ஒருவர் தடுக்கி விழுந்து கிடந்தால், விளக்கை இன்னும் பிரகாசமானதாக மாற்றி என்ன பயன்? கழுத்துத் திரும்ப வேண்டும்.

நுண்ணறிவு அந்த வெளிச்சம். அக்கறை கழுத்துத் திரும்புவது. நான் இங்கே சொல்ல வருவதே இவ்வளவுதான்: வெளிச்சத்தைக் கூட்டுவதால் கழுத்துத் தானாகத் திரும்பாது, திரும்பிய பிறகு வெளிச்சம் பெரிய உதவி. இனி இதற்கான ஆதாரங்களைப் பார்ப்போம்.

## புத்தி நன்மைக்கு உதவுகிற இடங்கள்

சாப்பாட்டுக் கடைப் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். புத்திசாலிகள் கெட்டவர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. சராசரியாகப் பார்த்தால் சாய்வு எதிர்ப்பக்கம்தான் கொஞ்சம் இருக்கிறது. குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் சராசரி ஐ.கியூ. பொதுமக்களின் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வறுமை, பாதியில் நின்ற படிப்பு, நல்ல வழக்கறிஞர் இல்லாமை எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. கெட்டிக்காரக் குற்றவாளி மாட்டுவதும் குறைவு.

இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தது. யூஜெனியோ ப்ரோட்டோவும் இன்னும் இரண்டு பொருளியலாளர்களும் 2019-இல் வெளியிட்டது. இரண்டு பேர் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்ல லாபம். ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு இன்னும் அதிகம். இருவரும் ஏமாற்றினால் இருவருக்கும் லாபம் குறைவு. இதைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டபோது, நுண்ணறிவுச் சோதனையில் அதிகம் வாங்கியவர்களின் குழுவில் ஒத்துழைப்பு நாளாக நாளாகக் கூடியது. மற்றக் குழுவில் குறைந்தது. இன்று ஏமாற்றினால் நாளைக்கு என்ன போகும் என்பதை முன்னவர்கள் சரியாகக் கணக்குப் பார்த்தார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒத்துழைப்பு எதிலிருந்து வந்தது? தூரப் பார்வையிலிருந்து. நாளை மறுபடி சந்திக்கப் போகிற ஆளிடம் அந்தக் கணக்கு வேலை செய்யும். பெயர் தெரியாத ஒரு கிழவியைத் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை சந்திக்கிறவனுக்கு அந்தக் கணக்கே எழாது.

## யூரியா மூட்டையும் குளோரின் புகையும்

செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர்கள் யூரியா மூட்டையைத் தோளில் சுமந்திருப்பார்கள். யூரியா செய்ய அம்மோனியா வேண்டும். காற்றிலிருக்கும் நைட்ரஜனை எடுத்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்தவர் ஃப்ரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மன் வேதியியலாளர். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார்; 1913-இல் உற்பத்தி தொடங்கியது. இன்று உலகில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு அந்த வழியில் வந்த உரத்தை நம்பி இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஹாபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே ஹாபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கும் தலைமை தாங்கினார். பதுங்கு குழிகளில் இருந்த சிப்பாய்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே மூளை. அதன் கூர்மை சில ஆண்டுகளில் மாறிவிடவில்லை. அது யாரைப் பார்த்துத் திரும்பியது என்பதுதான் மாறியது. தன் நாட்டுக்காக என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்பது இதை இன்னும் கனமாக்குகிறது.

1945-இல் நியூரம்பெர்க் சிறையில் நாஜித் தலைவர்களுக்கு கஸ்டாவ் கில்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஐ.கியூ. சோதனை வைத்தார். ஆர்தர் ஸைஸ்-இன்க்வார்ட் 141 வாங்கினார். ஹெர்மன் கோரிங் 138. கடைசியாக வந்த யூலியஸ் ஸ்ட்ரைகரே 106, அதாவது சராசரிக்கு மேல். ஐரோப்பாவின் யூதர்களை ஒழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்ஸே பகுதியில் கூடியவர்கள் 15 பேர். அதில் 8 பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்.

இதை வைத்து “பார்த்தாயா, படித்தவன்தான் கொடியவன்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த நாட்டு அரசாங்கத்தில் மேல்மட்டத்தில் இருப்பவர்களைச் சோதித்தாலும் சராசரிக்கு மேல்தான் வரும். இது நிரூபிப்பது ஒன்றே ஒன்று: உயர்ந்த நுண்ணறிவு கொடுமையைத் தடுக்கவில்லை.

## புத்தி ஏன் தடுக்கவில்லை?

இங்கேதான் உண்மையான இயக்கம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நாம் யோசித்து முடிவெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். பல நேரம் முடிவு முதலில் வந்துவிடுகிறது, யோசனை பின்னால் வந்து அதற்குக் காரணம் தேடுகிறது. இதற்குச் ‘சார்பு யோசனை’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்: ஏற்கெனவே விரும்புகிற முடிவுக்கு ஏற்ற காரணங்களைக் கண்டுபிடிப்பது. சரி, காரணம் தேடுவதில் யார் கெட்டி? புத்திசாலிதான்.

அமெரிக்காவில் டான் காஹனும் அவர் குழுவும் 2013-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு தோல் களிம்பு வேலை செய்கிறதா என்று காட்டும் எண்களைக் கொடுத்தார்கள். எண்களில் கெட்டிக்காரர்கள் சரியாகப் படித்தார்கள், மற்றவர்கள் தடுமாறினார்கள். எதிர்பார்த்ததுதான். அப்புறம் அதே மாதிரி எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது அங்கே கட்சி பிரிந்து சண்டை போடுகிற விஷயம். இப்போது எண்களில் கெட்டிக்காரர்களிடையேதான் பிளவு அதிகமாக இருந்தது. தங்கள் கட்சிக்குப் பிடித்த விடை வந்தால் ஒழுங்காகக் கணக்குப் பார்த்தார்கள். பிடிக்காத விடை என்றால் தவறினார்கள்.

அடுத்தவரிடம் உள்ள சாய்வு தெரியும், நம்மிடம் உள்ளது தெரியாது என்ற ஒரு குறை எல்லாரிடமும் உண்டு. அறிவுத்திறன் அதிகமுள்ளவர்களிடம் அந்தக் குறை குறைவாக இருக்கிறதா என்று ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் முதலியோர் 2012-இல் பார்த்தார்கள். குறைவாக இல்லை.

நல்லது கெட்டதையே தொழிலாகப் படிப்பவர்கள்? எரிக் ஷ்விட்ஸ்கெபெல், ஜோஷுவா ரஸ்ட் என்ற இரு தத்துவ ஆசிரியர்கள் தங்கள் சக ஆசிரியர்களையே அளந்து பார்த்து 2014-இல் எழுதினார்கள். அறவியல் பேராசிரியர்கள் ஓட்டுப் போடுவது, மாணவர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவது என்று சாதாரண விஷயங்களில் மற்றப் பேராசிரியர்களைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. மாமிசம் சாப்பிடுவது தவறு என்று சொன்னவர்கள் அவர்களில் அதிகம். சாப்பிட்டவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எது சரி என்று நன்றாகப் பேசுவதும் அதன்படி நடப்பதும் இரண்டு வேறு பயிற்சிகள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சிலும் இதே குழப்பம் வருகிறது. “இயந்திரம் நம்மைவிடப் புத்திசாலியாகிவிட்டால் தானாக நல்லதாகவும் ஆகிவிடும்” என்று சிலர் நம்புகிறார்கள். நிக் போஸ்ட்ரோம் என்ற தத்துவவாதி 2012-இல் எழுதிய ஒரு வாதம் இதை மறுக்கிறது: எவ்வளவு கெட்டிக்காரத்தனமும் எந்தக் குறிக்கோளோடும் சேர்ந்திருக்க முடியும். இயந்திரத்துக்கு எதன்மீது அக்கறை என்பதைத் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

சுருக்கமாக, கூர்மையான மூளை தான் போக விரும்பிய இடத்துக்கு வேகமாகப் போகும். எங்கே போக விரும்புகிறது என்பதைக் கூர்மை தீர்மானிப்பதில்லை.

## கழுத்து எப்போது திரும்புகிறது?

1973-இல் ஜான் டார்லியும், மேலே சொன்ன பேட்சனும் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனைப் பற்றிய பைபிள் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். அவர் ஆய்வாளர்களின் ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். “நேரமாகிவிட்டது, ஓடுங்கள்” என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காடு. எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்க வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. உதவியைப் பற்றிப் பேசப் போன சிலரே, கிடந்தவரைத் தாண்டிக்கொண்டு போனார்கள்.

நெதர்லாந்தில் 2013-இல் நடந்த ஆய்வு இதைவிட ஆழமாகப் போகிறது. சைக்கோபதி என்பது அடுத்தவர் வலி உறைக்காத, குற்ற உணர்வு இல்லாத ஒரு குணநிலை. அந்த நிலையுள்ள குற்றவாளிகளுக்கு ஒரு கை இன்னொரு கையை வருடுவதும் அடிப்பதுமான காட்சிகளைக் காட்டினார்கள். அவர்கள் மூளையின் ஒத்துணர்வுப் பகுதிகள் மற்றவர்களுக்கு இயங்கிய அளவுக்கு இயங்கவில்லை. பிறகு, “அந்த ஆள் உணர்வதை நீங்களும் உணர முயலுங்கள்” என்று சொன்னபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. திறன் உள்ளே இருந்திருக்கிறது. தானாக இயங்கவில்லை, அவ்வளவுதான். (சைக்கோபதி உள்ளவர்கள் மகா புத்திசாலிகள் என்று சினிமா காட்டுவதும் சரியல்ல. ஆய்வுகளில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.)

எலிகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் சிகாகோவில், ஒரு குழாய்க்குள் அடைபட்ட எலியை வெளியில் இருந்த எலி கதவைத் திறந்து விடுவித்தது. இன்னொரு குழாயில் சாக்லெட் இருந்தபோதும் இரண்டையும் திறந்தது. பல நேரம் சாக்லெட்டில் பங்கும் விட்டுவைத்தது. அதே ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு திருப்பம் கொடுத்தார்கள். அறிமுகமில்லாத இனத்து எலி அடைபட்டிருந்தால் விடுவிப்பது அரிது. அந்த இனத்து எலி ஒன்றோடு கொஞ்ச நாள் ஒரே கூண்டில் வாழவைத்த பிறகு, அந்த இனத்தைச் சேர்ந்த முன்பின் பார்க்காத எலியையும் விடுவித்தது. பிறந்ததிலிருந்தே வேறு இனத்தோடு வளர்ந்த எலி, அந்த இனத்துக்கு உதவியது. தன் சொந்த இனத்துக்கு உதவவில்லை. யாரோடு வாழ்ந்தது என்பதுதான் கணக்கு.

மலேசியாவில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடச் சொல்ல வேண்டியதில்லை. 2021 நடுவில், கோவிட் ஊரடங்கில், சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்று ஒரு பேச்சு நாடெங்கும் பரவியது. துண்டோ, பழைய வேட்டியோ, தலையணை உறையோ. கொடி தெரிந்த வீட்டுக்கு இனம் பார்க்காமல் அரிசியும் முட்டையும் பிஸ்கட்டும் போய்ச் சேர்ந்தன. அதற்கு முந்தின வாரமும் அந்த வீட்டில் பசி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதே ஆள்தான். அந்த வாரத்தில் யாருக்கும் புத்தி கூடிவிடவில்லை. பசி கண்ணுக்குத் தெரிந்தது.

## இரண்டும் சேர்ந்தால்

அக்கறை மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையோடு லயத்து வீடும் போனது. மனம் வருந்தியவர்கள் நிறையப் பேர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைச் சேர்த்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்குவது திட்டம். வாங்கவும் செய்தார்கள். துண்டாடலை அது முழுதாக நிறுத்திவிடவில்லை, ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிலத்தில் ஒரு பங்கு கிடைத்தது. தோட்டம் தோட்டமாகப் போய் அந்த மக்களோடு உட்கார்ந்த அக்கறையும் வேண்டியிருந்தது; நிலம், கடன், பங்கு என்று கூட்டிக் கழித்த மூளையும் வேண்டியிருந்தது. ஒன்று இல்லாமல் மற்றது கூட்டம் போட்டுக் கலைந்திருக்கும்.

## பிள்ளைகளிடம் எப்படி வளர்ப்பது?

கனடாவில் மேரி கார்டன் என்பவர் 1996-இல் தொடங்கிய ஒரு பள்ளித் திட்டம் உண்டு. அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒரு கைக்குழந்தையையும் அதன் அம்மா அல்லது அப்பாவையும் ஆண்டு முழுவதும் அவ்வப்போது வகுப்பறைக்கு அழைத்து வருவார்கள். குழந்தை ஏன் அழுகிறது, இப்போது என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கவனித்துச் சொல்ல வேண்டும். அந்த வகுப்புகளில் அடிதடி குறைந்ததாக மதிப்பீடுகள் காட்டியிருக்கின்றன. எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்ந்த அக்காமார்களுக்கு இந்தப் பாடம் பாடமாகத் தெரியாமலே கிடைத்தது. தாமானுக்கு வந்து, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி என்றானபோது அது போய்விட்டது. பழைய வறுமை திரும்ப வேண்டாம். அந்தப் பயிற்சியை மட்டும் வேறு வழியில் கொடுக்க வேண்டும்.

எங்கள் டியூசன் வகுப்பில் சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு பையன், கூடுதல் கணிதத்தில் புலி. முதலில் அவன் செய்ததெல்லாம் விடையைச் சீக்கிரம் சொல்லிவிட்டு மணியைப் பார்ப்பதுதான். பக்கத்தில் இருந்த சிறுமி எழுத்துக் கூட்டுவதற்குள் அவனுக்குப் பொறுமை போய்விடும். சில வாரம் கழித்து என்னிடம் வந்தான். “சார், அவளுக்கு எழுத்து தெரியும். கரும்பலகையில் எழுதினால்தான் தெரியாது. புத்தகத்தை மூக்குக்கிட்ட வச்சுப் படிக்கிறா. அதிலும் இடது பக்கம் சாய்ச்சுதான்” என்றான். நாங்கள் யாரும் கவனிக்காதது. அவளுடைய அம்மாவிடம் அவனே பேசினான். கண் பரிசோதித்து இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள்.

இந்த ஆண்டு சின்னப் பிள்ளைகள் அதிகம் சேர்ந்திருக்கிறார்கள், பெரிய பிள்ளைகள் போதவில்லை. “எஸ்.பி.எம். வருடம் சார், நேரம் வீணாகும்” என்று பெற்றோர்கள் தயங்குகிறார்கள். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம்தான் கேட்கிறேன். வாசிப்புப் புத்தகங்களை நான் வைத்திருக்கிறேன். பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.